ஹேவ்லாக்கில் கக்கூஸைத் திருப்பிய கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் கட்டுரைப் பாடம் என்றால் மணி எப்போது அடிக்கும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தவன். கடையில் பில் எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவன் எதற்குப் பேனாவை எடுத்தான் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான்.

எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒருவர் சொல்கிறார். சொல்லச் சொல்ல அது வளர்கிறது. போன கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து கேட்டபோது, நான் ஹேவ்லாக் தீவில் ஒரு வீட்டையே இடித்துவிட்டதாக ஆகியிருந்தது. வீட்டை நான் இடிக்கவில்லை. கக்கூஸை மட்டும்தான். அதையும் நான் இடிக்கவில்லை, கல் பதிக்க வந்த மிஸ்திரிதான் இடித்தார். இந்த அளவுக்காவது உண்மை எங்காவது எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தமானில், போர்ட் பிளேரில் எனக்கு மீன்பிடிச் சாமான் கடை. அத்தா, அதாவது என் அப்பா, ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து போட்ட கடை. வலை, தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு, தூண்டில் முள், ஈயக்குண்டு, மிதவை எல்லாம் இருக்கும். என் காலத்தில் கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் கருவியும் சேர்ந்தது. டோங்கியில் (சின்னப் படகை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கடலுக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள்.

எனக்குக் கூச்ச சுபாவம். சாதாரணக் கூச்சம் இல்லை. கடைக்குப் பெண்கள் வந்தால் நான் தங்கூஸ் சுருளைப் பார்த்துத்தான் பேசுவேன். ஒரு டீச்சரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்றே சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் வாய் தானாகத் திறக்கும். யாருடைய ஜிபிஎஸ்ஸாவது திசை தப்பிக் காட்டினால்.

அந்தக் கருவி, நாம் எங்கே இருக்கிறோம் என்பதை வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டுச் சொல்கிறது. நடந்தால் எந்தப் பக்கமாகப் போகிறோம் என்பதும் அதற்குப் புரிந்துவிடும். ஆனால் சும்மா ஓர் இடத்தில் நின்றால், நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அதற்காகவே உள்ளே மின்னணுத் திசைகாட்டி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். இந்தத் திசைகாட்டி கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி மாதிரி. பேட்டரி மாற்றினால் கோபம், ஊர் மாறினால் கோபம், இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் கோபம். கோபம் வந்தால் வடக்கைத் தெற்கு என்று சாதிக்கும்.

"ஜமால் பாய், யே தோ உல்டா திகா ரஹா ஹை" என்று கருவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார்கள். தலைகீழாகக் காட்டுகிறது என்று அர்த்தம். நான் கடையை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஜீப், கம்பம், தகரக் கூரை எதுவும் பக்கத்தில் இல்லாத திடலுக்கு அவர்களைக் கூட்டிப்போவேன். திசைகாட்டியைச் சரிசெய்கிற பக்கத்தைத் திரையில் திறப்பேன். கருவியைத் தட்டில் பாயசம் கொண்டுபோகிற மாதிரி மட்டமாகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றச் சொல்வேன். அவ்வளவுதான். சம்பந்தி சமாதானம் ஆகிவிடுவார்.

"ரெண்டு சுத்து" என்பது என் மருந்து. டோங்கிக்காரர்கள் தாடியும் லுங்கியுமாகத் திடலில் சுற்றுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். நான் மட்டும் சுற்ற மாட்டேன். அவர்கள் கையில் கொடுத்துச் சுற்றச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பேன். (நாலு பேர் பார்க்கத் திடலில் சுற்றுகிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும்.)

ஷமீமா எங்கள் கடைக்குத் தங்கூஸ் வாங்க வருவார். ஷாதிபூரில் வீடு. பாசிமணி மாலை கோத்து விற்பார், அதற்குத் தங்கூஸ்தான் அறாமல் தாங்கும். அவருடைய அத்தா சுலைமான் மாமாவுக்கு ஜவுளி வியாபாரம். அம்மா ஷமீமாவின் சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட, அம்மாவின் தங்கைதான் வளர்த்தார். அவரை ஷமீமா சாச்சி என்று கூப்பிட, ஊரே சாச்சி என்று கூப்பிட்டது.

ஒருநாள் கடையில் நிற்கும்போது ஷமீமாவின் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கு திறந்துகொண்டு விரலில் ஏறிவிட்டது. "ஸ்ஸ்" என்றார். துணியில் ஒரு சொட்டு ரத்தம். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். சொன்னேன்.

"நாலு மீட்டரா, அஞ்சு மீட்டரா?"

அந்த வாரம் பஜாரில் ஒரு ஃபேன்ஸி கடையில் புதிதாக ஒரு பின் பார்த்தேன். ஊசியே கிடையாது. கல் பதித்த பொத்தான் மாதிரி ஒரு துண்டு, அதற்கு ஜோடியாக இன்னொரு துண்டு. துணிக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். ஓட்டை விழாது, ரத்தம் வராது. வாங்கிவிட்டேன். அந்த இரண்டு துண்டும் ஒட்டுவதற்குக் காரணம் காந்தம் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்றால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிகிற அளவுக்குத் தெரியும். ஆனால் என் கண்ணுக்கு அது காந்தமாகப் படவில்லை. பரிசாகத்தான் பட்டது. அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் ஜிபிஎஸ் கருவியின் உறைக்குள், பின்பக்கத்துச் சின்னப் பையில் போட்டு வைத்தேன். அங்கேதான் யாரும் தேட மாட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா வீட்டு மச்சான், சுலைமான் மாமாவிடம் சம்பந்தப் பேச்சை ஆரம்பித்திருந்தார். மச்சான் வாயுள்ள மனிதர். எனக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து அவரே வாங்கிக்கொண்டு பிறந்தவர்.

சுலைமான் மாமா அப்போது பக்கத்துத் தீவான ஹேவ்லாக்கில் ஒரு பாக்குத் தோட்டம் வாங்கியிருந்தார். உள்ளே ஒரு பழைய வீடு. அதைச் செப்பனிட்டு டூரிஸ்டுகளுக்கு அறை விடுவதாகத் திட்டம். வீட்டின் ஓர் ஓரத்தில் தொழுகைக்கென்று சின்ன அறை. அதில் தரைக்கல் பதிப்பதற்கு முன் கிப்லா எந்தப் பக்கம் என்று சரியாகக் கோடு போட வேண்டும். கிப்லா என்றால் மக்கா இருக்கும் திசை, தொழும்போது முகம் திருப்ப வேண்டிய திசை. மாமா எதிலும் கறார்.

"சும்மா மேற்கே பாத்து நின்னா போதாது. வடக்கே எவ்வளவு சாயணும்னு மிஷின் சொல்லட்டும். ஜமாலைக் கூட்டிட்டு வாங்க."

இது சாச்சியின் ஏற்பாடு என்று எனக்கு அப்போது தெரியாது. "பொண்ணு பாக்கன்னு கூப்பிட்டா அந்தப் பய வர மாட்டான். மிஷின் பாக்கன்னு சொல்லுங்க, வருவான்" என்று சொன்னாராம்.

காலை போட்டில் ஹேவ்லாக் போகும்போது மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்து நிலவரம் சொன்னார்.

"மாப்ள, சுலைமான் மாமா சரின்னுட்டார். ஷமீமாவும் மாட்டேன்னு சொல்லலை. சாச்சி மட்டும்தான் பாக்கி. சாச்சி சரின்னா கல்யாணம். இல்லைன்னா ஆயுசுக்கும் நீ தங்கூஸ்கூடப் பேசிக்கிட்டுக் கிட."

"நான் என்ன மச்சான் செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதே. கிப்லாவை மட்டும் காட்டிட்டு வாயை மூடிக்கிட்டு இரு. அது உனக்கு நல்லா வருமே."

மக்காவை ஓர் இடமாகக் கருவியில் முன்பே பதிந்து வைத்திருந்தேன். அந்தப் பக்கம் அம்புக்குறி காட்டும். காலையில் புது பேட்டரி போட்டிருந்ததால் திசைகாட்டிக்குக் கோபம் இருக்கும் என்று தெரியும். ஹேவ்லாக் ஜெட்டியில் (படகுத்துறையில்) இறங்கியதும், மச்சானை ஜீப் பிடிக்க அனுப்பிவிட்டு, ஆள் இல்லாத மணல் பக்கமாக ஒதுங்கினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நனையாமல் இருக்க உறையோடே பிடித்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினேன். முடிந்தது என்று திரையில் வந்தது. ஜெட்டியையும் கடலையும் வைத்துச் சரிபார்த்தேன். அம்பு பிசகாமல் நின்றது.

திரும்பிப் பார்த்தால் ஜீப்காரர் நின்றுகொண்டிருந்தார். "சக்கர் ஆ ரஹா ஹை கியா, பாய்?" என்றார் கவலையாக. தலை சுற்றுகிறதா என்று. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துச் சட்டைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, வாங்கி முகர்ந்துகொண்டே ஜீப்பில் ஏறினேன்.

தோட்டத்துக்குப் போகிற பாதை வளைந்து வளைந்து போனது. இரண்டு பக்கமும் பாக்கு மரம். மேலே பார்த்தால் ஓலையும் மேகமும்தான். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வீடு வேறு ரோட்டுக்குக் கோணலாக நின்றது.

வாசலில் சாச்சி. என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். கையில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"போட்ல வாந்தியா?"

"இல்ல சாச்சி."

"பின்ன எதுக்குப் பழம்?"

பழத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். வெற்றிலை பாக்கு இல்லாத குறையாக அது ஏதோ சம்பிரதாயம் மாதிரி ஆகிவிட்டது. மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் முற்றத்தில் ஒரு புது கக்கூஸ் தனியாக நின்றது. நீலக் கல் பதித்து, பளபளவென்று. "அது கட்டி முடிச்சாத்தான் நான் ஹேவ்லாக்குக்கே வருவேன்னுட்டாக சாச்சி" என்று சுலைமான் மாமா பெருமையும் பயமுமாகச் சொன்னார். அந்த வீட்டில் முழுசாக வேலை முடிந்திருந்தது அது ஒன்றுதான்.

ஷமீமா டீ கொண்டுவந்தார். பூப்போட்ட தகரத் தட்டு. மாமாவும் மச்சானும் மிஸ்திரியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாச்சி உள்ளே போயிருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று உறைக்குள் கையை விட்டுப் பின்னை எடுத்தேன். சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். டீயை எடுக்கிற கையோடு பின்னைத் தட்டில் வைத்தேன். டக்! காந்தம் தகரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் என் வாக்கியம் ஓடியே போய்விட்டது. ஷமீமா தட்டைப் பார்த்தார். விரலால் தள்ளிப் பார்த்தார். வரவில்லை. அப்படியே தட்டோடு உள்ளே போய்விட்டார்.

என் வாழ்க்கையின் பெரிய காரியத்தை முடித்துவிட்ட நிம்மதியில் டீயைக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

"தம்பி, மிஷினை எடுங்க" என்றார் மாமா.

முற்றத்து வழியாகத் தொழுகை அறைக்கு நடந்தோம். நடக்கும்போது அம்பு ஒரு பக்கம் காட்டியது. அறையில் போய் நின்றதும் தடாலென்று வேறு பக்கம் திரும்பியது. எந்த டோங்கிக்காரராவது இதைச் சொல்லியிருந்தால் அடுத்த நொடி நான் சொல்லியிருப்பேன்: நடக்கும்போது செயற்கைக்கோள் பேசுகிறது, நிற்கும்போது திசைகாட்டி பேசுகிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் திசைகாட்டிதான் கெட்டிருக்கிறது, போய் ரெண்டு சுத்துச் சுத்து என்று. அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது: மிஷின் யோசிக்கிறது.

அம்பு நேராக ஜன்னல் வழியாக முற்றத்தைக் காட்டியது. முற்றத்தில் நீலக் கக்கூஸைக் காட்டியது.

சுலைமான் மாமா அம்பைப் பார்த்தார். கக்கூஸைப் பார்த்தார். போய்க் கக்கூஸ் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

எங்கள் ஆட்கள் வீடு கட்டும்போது இதைத்தான் முதலில் கவனிப்பார்கள். கக்கூஸில் உட்காரும்போது கிப்லாவைப் பார்த்தும் உட்காரக் கூடாது, அதற்கு முதுகு காட்டியும் உட்காரக் கூடாது. கோப்பையைக் குறுக்கே பதிக்க வேண்டும். என் கருவி சொல்வது சரியென்றால், சாச்சியின் கக்கூஸ் கோப்பை கிப்லாவுக்கு நேர் கோட்டில் இருந்தது.

"தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதான் கிப்லாவா?"

அப்போது சாச்சியும் ஷமீமாவும் வாசல்படியில் வந்து நின்றுவிட்டார்கள். மருந்து எனக்குத் தெரியும். முற்றத்துக்குப் போய் இரண்டு சுற்று. ஆனால் பெண் வீட்டார் எல்லோரும் பார்க்க, ஷமீமா பார்க்க, கருவியை ஏந்திக்கொண்டு நான் பம்பரம் சுற்றுவதா? காலையில்தானே ஜெட்டியில் சுற்றினோம், இன்னொரு தடவை எதற்கு என்று மனசு வக்காலத்து வாங்கியது.

"சந்தேகமே இல்லை மாமா" என்றேன். அன்று அதுவரை நான் தடுமாறாமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

"யா அல்லாஹ், நான் ரெண்டு நாளா போய்க்கிட்டு இருக்கேனே!" என்று சாச்சி நெஞ்சில் கை வைத்தார்.

மாமா மிஸ்திரியைக் கூப்பிட்டார். பிமல் மிஸ்திரி வங்காளி. இருபது வருஷமாகத் தீவில் கல் பதிக்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தோட் தூன்?" என்று கேட்டார். உடைக்கட்டுமா என்று. "பக்கா?" என்று இன்னொரு தடவை கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உளி இறங்கியது.

நீலக் கல் உடைகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் சாச்சி கண்ணை மூடித் திறந்தார். கோப்பையை உடையாமல் பெயர்த்து, கால் வட்டம் திருப்பி வைத்து, குழாயை வளைத்துக் கொடுத்து, பிமல் மிஸ்திரி சிமெண்ட் பூசி முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. "கல் தக் மத் ஜானா" என்றார். நாளைவரை யாரும் போகக் கூடாது.

அந்த வீட்டில் வேறு கக்கூஸ் கிடையாது. ஆண்களுக்குத் தோட்டம் இருந்தது. சாச்சி ஒரு குடையை எடுத்துக்கொண்டு, பாக்கு மரங்களுக்கு நடுவே சேற்றில் மிதித்து, பக்கத்துத் தோட்டத்து வங்காளி வீட்டுக்குப் போய் வந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி. ஒரு தடவையோடு முடிகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு தடவையும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் திண்டாடிப்போய் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க தம்பி, உக்காருங்க. எந்திரிச்சு எந்திரிச்சு நீங்க வழியனுப்ப நான் ஹஜ்ஜுக்கா போறேன்?" என்றார்.

மச்சான் என் காதில், "மாப்ள, தங்கூஸை நினைச்சுக்க" என்றார்.

மாலை அஸர் தொழுகை நேரம் வந்தது. புது அறையில் முதல் தொழுகை. நான் காட்டிய கோட்டில் பாய் விரித்தோம். சுலைமான் மாமா முன்னால் நின்று நடத்தினார். பின் வரிசையில் மச்சான், எங்களைத் திரும்ப ஏற்றிப்போகக் காத்திருந்த ஜீப்காரர் (அவரும் எங்கள் ஆள்தான்), வலது கோடியில் நான். (தொழுகையைப் பற்றிச் சிரிக்க எனக்கு மனசு வராது. இனிமேல் வருகிற சிரிப்பெல்லாம் என்னைப் பற்றியது.)

தொழுகையின் இரண்டாவது பகுதியில், ரக்அத் என்போம், நிற்கும்போது மழைமேகம் விலகியது. வலது பக்க ஜன்னலில் பாக்கு மரங்களுக்கு நடுவே, மஞ்சளாக, தட்டு மாதிரி, சூரியன். சாயங்காலச் சூரியன். என் வலது கன்னம் சுட்டது.

சாயங்காலச் சூரியன் எங்கே இருக்கும் என்பதற்கு மிஷின் தேவையில்லை. தொழுகைக்கு நடுவில் திசை தவறு என்று தெரிந்தால் முறிக்க வேண்டியதில்லை, அப்படியே சரியான பக்கம் திரும்பிக்கொள்ளலாம். மாமா மெதுவாக வலது பக்கம் திரும்பினார். மச்சான் திரும்பினார். ஜீப்காரர் திரும்பினார். நான் மட்டும், மிஷின் சொன்னதை விட்டுவிடுவதா என்று யோசித்துவிட்டுக் கடைசியாகத் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தால் எனக்கு முன்னால் ஆள் இல்லை. சுவரும் சூரியனும்தான். வலது கோடியில் நின்றவன், எல்லோரும் வலது பக்கம் திரும்பியதும், எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டேன். மாமா எனக்கு இடது பக்கம் பின்னால். மச்சானும் ஜீப்காரரும் எனக்குப் பின்னால் ரேஷன் கடை வரிசை மாதிரி. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்கிறவன், இமாமுக்கும் முன்னால் நிற்கிறேன். ஜீப் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி அடிமேல் அடி வைத்துப் பின்னால் போய், மச்சான் காலை மிதித்து, ஒருவழியாக அவருக்குப் பக்கத்தில் சேர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ மூச்சுத் திணறிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாச்சி என்று நினைத்தேன். ஷமீமா என்று பின்னால்தான் தெரிந்தது.

தொழுது முடித்து மாமா வழக்கத்தைவிட நீளமாக துஆ (பிரார்த்தனை) கேட்டார். பிறகு திரும்பினார்.

"தம்பி ஜமால்."

"மாமா."

"சூரியன் மேற்கேதானே மறையும்?"

"ஆமா மாமா."

"இன்னைக்குமா?"

"இன்னைக்கும்தான் மாமா."

சாச்சிக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்படின்னா என் கக்கூஸ் முன்னாடி சரியாத்தான் இருந்துச்சு" என்றார். "இப்பத்தான் கிப்லாவைப் பாத்துத் திருப்பி வச்சிருக்கீங்க."

ஜீப்காரர்தான் நல்ல எண்ணத்தில் வாயைத் திறந்தார். காலையில் ஜெட்டியில் பாய் கோல் கோல் என்று சுற்றினாரே, அதைத் திரும்பச் செய்தால் மிஷின் சரியாகிவிடுமோ என்றார். மச்சான் வேறு வழியில்லாமல் என் மருந்தைப் பற்றி எல்லோருக்கும் விளக்கினார்.

"அப்ப காலையிலயே இங்க சுத்தியிருக்கலாம்ல?" என்றார் சாச்சி. "ஏன் சுத்தலை?"

பொய் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை.

"கூச்சமா இருந்துச்சு சாச்சி."

"கூச்சமா? உங்க கூச்சத்துக்கு என் கக்கூஸா?"

இனி இழக்க ஒன்றும் இல்லை. முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். உறையைக் கழற்றிப் போட்டேன். கருவியை மட்டமாக ஏந்தினேன். எல்லோரும் பார்க்கச் சுற்ற ஆரம்பித்தேன். அவசரத்தில், வேகம் அதிகம், மெதுவாகச் சுற்றவும் என்று கருவியே திட்டியது. மறுபடி முதலிலிருந்து. சாச்சி, மாமா, மச்சான், ஜீப்காரர், உளியோடு பிமல் மிஸ்திரி, வாசலில் ஷமீமா என்று ஒவ்வொரு முகமாக வந்து போனது. திரும்பவும் சாச்சி. இரண்டு சுற்று அவ்வளவு நீளம் என்று எந்த டோங்கிக்காரரும் என்னிடம் சொன்னதில்லை.

முடிந்தது என்று வந்தது. அம்பு ஆடி, நின்று, சூரியனுக்குக் கொஞ்சம் வலது பக்கமாகக் காட்டியது. மாமா ஜன்னலையும் அம்பையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார்.

"சரி. அப்ப நடுவுல இதுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. எல்லோரும் கருவிமேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது ஷமீமா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை நீட்டக் குனிந்தார். அம்பு மெல்ல அசைந்து, மக்காவை விட்டுவிட்டு, ஷமீமா பக்கம் திரும்பியது. அவர் நிமிர்ந்து தள்ளிப் போனார். அம்பு பழைய இடத்துக்குப் போனது. டம்ளரை வாங்க மறுபடி வந்தார். அம்பும் வந்தது.

"இந்த முள்ளு என்ன, ஷமீமா போற பக்கமெல்லாம் போகுது?" என்றார் சாச்சி. பிறகு அவர் கண் ஷமீமாவின் துப்பட்டாவில் போய் நின்றது. "இந்தப் பின்னு காலையில உன்கிட்ட இல்லையே."

மச்சான் துண்டைக் கையில் எடுத்தார்.

"டீத் தட்டுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு சாச்சி" என்றார் ஷமீமா, ரொம்ப சாதாரணமாக.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெட்டியில் சுற்றும்போது பின் உறைக்குள் இருந்தது. அதன் காந்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் திசைகாட்டி பழகிக்கொண்டது. பின்னை எடுத்துக் கொடுத்ததும் அதன் கணக்கு கலைந்துவிட்டது. இதை அப்படியே சொன்னேன். ஜிபிஎஸ் விஷயம் என்பதால் வாய் வந்தது. பேசி முடித்த பிறகுதான், பெண் வீட்டார் நடுவில் நின்று நான் என்ன ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. மச்சான் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

ஷமீமா என்னைப் பார்த்துக் கேட்டார். முதல் தடவையாக, தங்கூஸ் இல்லாத பேச்சு.

"இதைத் திருப்பிப் பையில வச்சா மிஷின் சரியாக் காட்டுமா?"

"இல்ல. இப்ப... இது இல்லாமப் பழகிருச்சு."

"அப்ப நானே வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரோடு உள்ளே போனார்.

மாமா சாச்சியைப் பார்த்தார். கிணற்றடியிலிருந்து மச்சான் சாச்சியைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன்.

"மொதல்ல என் கக்கூஸ் திரும்பட்டும்" என்றார் சாச்சி. "மத்ததை அப்புறம் பேசலாம்."

பிமல் மிஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை. ஈர சிமெண்டைச் சுரண்டி எடுத்துக் கோப்பையைப் பழையபடி திருப்பிப் பதித்தார். கடைசி போட் போய்விட்டதால் ஆண்கள் தொழுகை அறையிலேயே படுத்தோம். சாச்சி குடையோடு இன்னொரு தடவை போய் வந்தார்.

இப்போது எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. கடையில் திசை தப்பிய கருவி வந்தால், சுற்றச் சொல்வதற்கு முன் உறையைத் திறந்து காட்டச் சொல்கிறேன். உள்ளே பெண்கள் பின் எதுவும் இருக்கிறதா என்று கேட்கிறேன். தாடிவைத்த டோங்கிக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். வீட்டில் நான் எதிலாவது சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொன்னால், ஷமீமா கையிலிருக்கிற வேலையை நிறுத்தாமல், "முற்றத்துக்குப் போய் ரெண்டு சுத்துச் சுத்திட்டு வந்து சொல்லுங்க" என்பார். பிள்ளைகளும் சொல்லப் பழகிவிட்டார்கள். மூத்தவள் கல்யாணத்தில் இந்தக் கதையை யார் சொல்வது என்று இப்போதே மச்சானுக்கும் சாச்சிக்கும் சண்டை.

அந்த மறுநாளைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். காலையில் மழை இல்லை. சிமெண்ட் காய்ந்திருந்தது. சாச்சிதான் முதலில் போய்விட்டு வந்தார். கையைக் கழுவிக்கொண்டு, திருமணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று மச்சானிடம் கேட்டார்.